அரிப்பு மாத்திரையும் அதிசய மாத்திரையும்



நம் தோட்ட வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்திலோ, அரிசி டின்னுக்கு மேலேயோ ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதைத் திறந்தால் பாதி தீர்ந்த மாத்திரைப் பொட்டலங்கள், மூடி தொலைந்த களிம்புக் குழாய்கள், யாரோ பசார் மாலாமில் வாங்கி வந்த மூட்டுவலிக் குளிகைகள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். "இது எதுக்கு?" என்று கேட்டால், "அரிப்புக்குக் குடுத்தாங்க", "வீக்கத்துக்குக் குடுத்தாங்க", "இது எல்லாத்துக்கும் கேக்கும்" என்று பதில் வரும்.

அந்த டின்னில் இருப்பவற்றில் இரண்டு வகை மருந்துகளைப் பற்றி இன்று படிப்போம். ஒன்று, அரிப்பையும் தடிப்பையும் அடக்கும் ஆண்டிஹிஸ்டமின். மற்றொன்று, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு. இதன் முழுப்பெயர் கார்ட்டிகோஸ்டீராய்டு. இரண்டும் நல்ல மருந்துகள். இரண்டுமே அரிப்புக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்படுவதால் நம் மக்கள் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் உடம்புக்குள் இவை செய்யும் வேலை வேறு, தரும் ஆபத்தும் வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் நல்ல உழைப்பாளிகள் சிலர் படுக்கையில் விழுந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

உடம்பின் காவல்காரர்கள்

செம்பனைக் குலை வெட்டப் போனவரை முசுறு எறும்பு கடிக்கிறது. அல்லது மட்டையில் இருந்த கம்பளிப்பூச்சி கழுத்தில் படுகிறது. ஐந்தே நிமிடத்தில் அந்த இடம் சிவந்து, தடித்து, அரிக்கத் தொடங்குகிறது. இதைச் செய்வது பூச்சி மட்டுமல்ல, நம் உடம்பும்தான்.

நம் தோலுக்கு அடியிலும், மூக்கு, தொண்டை, நுரையீரல், குடல் ஆகிய இடங்களின் உட்புறத்திலும் சில காவல்கார அணுக்கள் இருக்கின்றன. டாக்டர்கள் அவற்றை மாஸ்ட் செல் என்பார்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் நூற்றுக்கணக்கான சிறு மூட்டைகள். அந்த மூட்டைகளில் இருக்கும் முக்கியமான சரக்கு ஹிஸ்டமின் என்ற பொருள். வேண்டாத ஆள் உள்ளே வந்துவிட்டான் என்று தெரிந்தால் காவல்காரன் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிடுவான்.

கொட்டிய ஹிஸ்டமின் என்ன செய்யும்? அருகில் உள்ள சிறு இரத்தக் குழாய்களை விரியச் செய்யும், அதனால் தோல் சிவக்கும். குழாயின் சுவரில் இடைவெளி உண்டாக்கி நீரைக் கசியச் செய்யும், அதனால் தடிப்பு வரும். நரம்பு நுனிகளைத் தூண்டும், அதனால் அரிக்கும். மூக்கில் கொட்டினால் தும்மலும் நீரும் வரும். கண்ணில் கொட்டினால் கண் சிவந்து நமைச்சல் எடுக்கும்.

"போன வருசம் இதே குளவி கொட்டினப்ப ஒண்ணும் ஆகலையே, இப்ப மட்டும் ஏன் உடம்பெல்லாம் தடிக்குது?" என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. முதல் தடவை கொட்டும்போது, சிலருடைய உடம்பு அந்த விஷத்தை அடையாளம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த அடையாளத்தைக் காவல்கார அணுக்களின் மேலே ஒட்டியும் வைத்துவிடுகிறது. அடுத்த தடவை அதே விஷம் வந்தால் எல்லாக் காவல்காரரும் ஒரே நேரத்தில் மூட்டையை அவிழ்க்கிறார்கள். இதைத்தான் ஒவ்வாமை, அதாவது அலர்ஜி என்கிறோம். ஆகவே, "எனக்கு முன்னே ஒண்ணும் ஆகலை" என்பது அடுத்த தடவைக்கு உத்தரவாதம் ஆகாது.

நாற்காலியில் முந்தி உட்காரும் மருந்து

ஹிஸ்டமினைப் பற்றி 1910-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹென்றி டேல், பேட்ரிக் லேட்லா என்ற இருவர் விளக்கமாக ஆராய்ந்து எழுதினார்கள். அதை அடக்கும் பொருளை 1937-இல் பாரிஸில் டேனியல் போவே என்பவரும் அவருடன் வேலை செய்த ஆன்-மரி ஸ்டாப் என்ற பெண்மணியும் கண்டார்கள். போவேக்கு 1957-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் கிளினிக்குகளில் கொடுக்கப்படும் அரிப்பு மாத்திரைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இந்த மருந்து வேலை செய்யும் விதத்தை ஒரு கூட்டத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சங்கக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டிருக்கிறோம். ரகளை செய்யும் ஆள் ஒருவன் வருகிறான். அவன் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் ரகளை செய்ய முடியும். அவன் வருவதற்குள் நம் ஆட்கள் முந்திக்கொண்டு எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டால்? அவன் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். இரத்தக் குழாயிலும் நரம்பு நுனியிலும் ஹிஸ்டமின் வந்து உட்காருவதற்கென்று இருக்கைகள் உண்டு. ஆண்டிஹிஸ்டமின் மருந்து அந்த இருக்கையில் முந்தி உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

இதிலிருந்து மூன்று விஷயம் தெரிகிறது. முதலாவது, மருந்து ஹிஸ்டமினை அழிப்பதில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட தடிப்பு உடனே மறையாது. புதிதாக வருவதைத்தான் தடுக்கும். மாத்திரை போட்டு அரை மணி, ஒரு மணி நேரம் பொறுத்தால்தான் சுகம் தெரியும். பத்து நிமிடத்தில் கேட்கவில்லை என்று இன்னொன்று போடக்கூடாது. இரண்டாவது, அரிப்பு முற்றிய பிறகு போடுவதைவிட ஆரம்பத்தில் போடுவது நல்லது. மூன்றாவது, ரகளை செய்பவன் ஒருவன் மட்டும் அல்ல. காவல்கார அணுக்கள் ஹிஸ்டமினோடு வேறு சரக்குகளையும் கொட்டுகின்றன. அவற்றை இந்த மாத்திரை தடுக்காது. அதனால்தான் ஆஸ்துமா மூச்சுத்திணறலுக்கு அரிப்பு மாத்திரை போதாது.

தூக்கம் எங்கிருந்து வருகிறது?

"அந்த மஞ்ச மாத்திரை போட்டா ஆளையே அடிச்சுப் போட்டுடுதுங்க" என்று தோழர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது குளோர்பெனிரமின் என்ற பழைய வகை மாத்திரையாக இருக்கும். பிரிட்டன் என்ற பெயரிலும் பலருக்குப் பழக்கம். (ஆனால் நிறத்தைப் பார்த்து மாத்திரையை அடையாளம் சொல்லாதீர்கள். மஞ்சள் நிறத்தில் வேறு மருந்துகளும் உண்டு.)

நம் மூளையில் ஹிஸ்டமினுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. அது நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. பழைய வகை மாத்திரை மூளைக்குள்ளும் நுழைந்து அங்கே உள்ள இருக்கையையும் பிடித்துக்கொள்ளும். உடனே கண் சொருகும். 1980-களில் வரத் தொடங்கிய செட்டிரிசின், லோராட்டடின் போன்ற புதிய வகைகள் மூளைக்குள் குறைவாகவே நுழைகின்றன. ஆகவே தூக்கம் குறைவு. ஒரு வேளை போட்டால் ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். பழைய வகை நாலு முதல் ஆறு மணி நேரம்தான் நிற்கும். ஆனாலும் செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். முதல் தடவை இரவில் போட்டுப் பார்ப்பது நல்லது.

நம் வேலையை நினைத்துப் பாருங்கள். நீளக் கம்பியில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேலே தூக்கிக் குலை வெட்டுகிறோம். விடியுமுன் உளியோடு மரத்துக்கு மரம் நடக்கிறோம். டிராக்டர், லோரி ஓட்டுகிறோம். மண் சடக்கில் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு போகிறோம். தூக்க மயக்கத்தில் இதில் எதைச் செய்தாலும் ஆபத்து. மனத்துக்கு விழிப்பாக இருப்பது போலத் தோன்றினாலும் கையும் கண்ணும் பின்தங்கிவிடும். ஆகவே கிளினிக்கில் மருந்து வாங்கும்போது வாய் திறந்து கேளுங்கள்: "ஐயா, இது தூக்கம் வர்ற மாத்திரையா? நான் காலையில குலை வெட்டப் போகணும்." டாக்டர் அதற்குத் தக்கபடி மாற்றித் தருவார்.

இன்னும் சில எச்சரிக்கைகள். தூக்கம் வரும் மாத்திரையோடு கள், சம்சு, பீர் எதுவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூளை இரட்டிப்பாக மந்தமாகும், மூச்சும் மந்தமாகலாம். சளி மருந்துகள் பலவற்றில் இதே குளோர்பெனிரமின் கலந்திருக்கும். மாத்திரையும் சளித் தண்ணீர் மருந்தும் சேர்த்துச் சாப்பிட்டால், தெரியாமலே இரண்டு பங்கு உள்ளே போய்விடும். சிறுநீர் இறங்கச் சிரமப்படும் வயதான ஆண்களுக்குப் பழைய வகை மாத்திரை சிறுநீரை அடைத்துவிடக்கூடும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. "பிள்ளை தூங்கட்டும்" என்று கொடுப்பது பெரும் தவறு.

மாத்திரைக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

குளவி கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பயமில்லை. குளிர்ந்த தண்ணீர்த் துணி வையுங்கள், அரிப்பு மாத்திரை ஒன்று போடுங்கள். தேனீ என்றால் கொடுக்கு தோலில் நிற்கும், அதை உடனே எடுத்துவிடுங்கள்.

ஆனால் கொட்டிய சில நிமிடங்களில் உதடும் நாக்கும் வீங்கினாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, உடம்பெல்லாம் தடித்து வாந்தியும் வந்தாலோ அது உயிருக்கு ஆபத்தான அலர்ஜி. உடம்பு முழுக்க இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இங்கே அரிப்பு மாத்திரை காப்பாற்றாது. ஸ்டீராய்டு ஊசியும் உடனே காப்பாற்றாது. முதலில் கொடுக்க வேண்டியது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அதுதான் விரிந்த குழாயைச் சுருக்கி, அடைத்த மூச்சுக் குழாயைத் திறக்கும்.

ஆகவே உடனே 999-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள். மயக்கமாக இருந்தால் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசி போட்டுச் சரியானதும், "நல்லாயிட்டேன், வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும். டாக்டர் இருக்கச் சொன்ன நேரம் வரை இருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் வேலையிடத்தில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் அதுவும் வேலை விபத்துதான். சொக்சோவுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கு உண்டு. "பூச்சிக்கடிதானே" என்று விட்டுவிடாமல் தோட்டத் தலைவரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களையும் 2019 முதல் சொக்சோ சேர்த்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

சிறுநீரகத்தின் மேல் ஒரு தொப்பி

இனி ஸ்டீராய்டுக்கு வருவோம். இது வெளியிலிருந்து வந்த பொருள் என்று நினைக்காதீர்கள். நம் உடம்பே தினமும் இதைச் செய்கிறது. இரண்டு சிறுநீரகங்களின் மேலும் சிறு தொப்பி வைத்தது போல ஒரு சுரப்பி இருக்கிறது. அட்ரினல் என்று பெயர். அதன் உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. வெளிப்பகுதி கார்ட்டிசால் என்ற பொருளைச் சுரக்கிறது. வெளிப்பகுதிக்கு கார்ட்டெக்ஸ் என்று பெயர். கார்ட்டிகோஸ்டீராய்டு என்ற பெயர் அதிலிருந்து வந்ததே.

பெரட்டுக்குப் போகும் நேரத்துக்குத் தகுந்தபடி, விடியற்காலையில் இந்தச் சுரப்பு உச்சத்தில் இருக்கும். நடுநிசியில் மிகக் குறைவு. காய்ச்சல், காயம், அறுவை போன்ற கஷ்ட காலத்தில் சுரப்பி அதிகமாகச் சுரந்து உடம்பைத் தாங்கும். ஸ்டீராய்டு மாத்திரையைப் பெரும்பாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்வதும் இந்த நேரக் கணக்கை ஒட்டித்தான்.

1948-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும், கடுமையான மூட்டுவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், டடேயுஷ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகமே அதிசய மருந்து என்று கொண்டாடியது. ஆனால் வெகு சீக்கிரத்தில் டாக்டர்கள் மறுபக்கத்தையும் கண்டார்கள். நிறுத்தினால் வலி திரும்பியது. தொடர்ந்தால் முகம் ஊதியது, மனமும் உடம்பும் கெட்டது.

துரையின் ஆபீசுக்கே போகும் மருந்து

அரிப்பு மாத்திரை வாசலில் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது என்றோம். ஸ்டீராய்டு அப்படியல்ல. அது அணுவின் சுவரைத் தாண்டி உள்ளே நுழைகிறது. உள்ளே காத்திருக்கும் ஒரு தூதனோடு சேர்ந்துகொண்டு அணுவின் நடுவில் உள்ள உட்கருவுக்குப் போகிறது. உட்கரு என்பது தோட்டத்தில் துரையின் ஆபீஸ் மாதிரி. எந்தப் பொருளை எவ்வளவு செய்வது என்ற உத்தரவுப் புத்தகம் அங்கேதான் இருக்கிறது. ஸ்டீராய்டு அங்கே போய், "வீக்கம் உண்டாக்கும் பொருள்களைச் செய்யாதே, வீக்கத்தை அடக்கும் பொருள்களைச் செய்" என்று உத்தரவை மாற்றிவிடுகிறது.

ஆகவேதான் அரிப்பு மாத்திரையைவிட இதன் பலம் பெரிது. ஹிஸ்டமின் மட்டுமல்ல, வீக்கத்துக்குக் காரணமான பல பொருள்களையும் ஒரே அடியாக நிறுத்துகிறது. உத்தரவு மாறி, பழைய சரக்கு தீர்ந்து, புதியது வருவதற்கு நேரம் வேண்டும் என்பதால் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும். தொல்லை எதுவென்றால், அந்த உத்தரவு ஒரு லயத்துக்கு மட்டும் போவதில்லை. முழுத் தோட்டத்துக்கும் போகிறது. முழங்கால் வீக்கத்துக்குச் சாப்பிட்ட மாத்திரை எலும்பு, தோல், கண், சர்க்கரை, உப்பு என எல்லா இடத்து உத்தரவையும் மாற்றிவிடும்.

நல்லதைச் செய்யும் இடங்கள்

இதைப் படித்துவிட்டு டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது இன்னொரு ஆபத்து. ஆஸ்துமா முற்றி மூச்சு முட்டும்போது ஐந்து, ஏழு நாளைக்கு டாக்டர் கொடுக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரை உயிரைக் காக்கும். சொன்ன நாள் வரை சொன்ன அளவில் சாப்பிட்டு முடிப்பதால் பெரும்பாலோருக்குக் கெடுதல் வராது. 2020-இல் கோவிட் நோய் முற்றி ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களில் பலரைக் காப்பாற்றியது டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டுதான். சிறுநீரக நோய், சில தோல் நோய், மூட்டுவாதம் இவற்றுக்கும் டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்.

ஆஸ்துமாப் பிள்ளைகளின் தாய்மார்கள் கேளுங்கள். இழுத்து மூச்சு விடும் மருந்து இரண்டு வகை. ஒன்று சல்பூட்டமால், பெரும்பாலும் நீல நிறக் குழாய். இது ஸ்டீராய்டு அல்ல. சுருங்கிய மூச்சுக் குழாயை உடனே விரிக்கும். மற்றொன்று வீக்கம் வராமல் தடுக்கும் ஸ்டீராய்டுக் குழாய். பல குழாய்களில் ஒரு தடவை இழுப்பதில் 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு மருந்து இருக்கும். பிரெட்னிசொலோன் மாத்திரை ஒன்றிலோ 5 மில்லிகிராம். அந்தக் கொஞ்ச மருந்தும் நேராக நுரையீரலுக்குப் போவதால் உடம்பின் மற்ற இடங்களுக்குத் தொல்லை மிகக் குறைவு. "இப்பதான் இழுப்பு இல்லையே" என்று நிறுத்திவிடாதீர்கள். தினமும் போட்டால்தான் இழுப்பு வராது. போட்ட பிறகு வாய் கொப்புளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் புண் வரும்.

"சதை போட்டிருக்கே" என்று சொன்னார்கள்

இனி இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. இதைப் போன்ற கதை ஒன்றல்ல, பல தோட்டங்களில் நடப்பது.

ஒரு தாய். வயது ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருடமாக உதிரிப்பழம் பொறுக்கிக் குனிந்து குனிந்து முழங்கால் தேய்ந்துவிட்டது. பசார் மாலாமில் ஒருவர் மைக் வைத்துக் கூவி விற்கிறார்: "மூலிகை, நூறு சதவீதம் மூலிகை, மூணு நாள்ல வலி பறந்துடும்." வாங்கிச் சாப்பிட்டார். உண்மையாகவே மூன்றாம் நாள் வலி பறந்தது. நல்ல பசி, நல்ல தூக்கம். லயத்தில் எல்லோரும், "அக்கா, முகமெல்லாம் சதை போட்டு நல்லா இருக்கீங்களே!" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வாங்கினார்கள்.

ஆறு மாதம் போனது. முகம் நிலா மாதிரி வட்டமானது. வயிறு பெருத்தது, கையும் காலும் மெலிந்தன. லேசாகத் தட்டினாலும் தோலில் நீலம் பாரித்தது. சர்க்கரை ஏறியது. ஒரு நாள் குளிகை தீர்ந்தது. விற்றவரைக் காணோம். நாலாம் நாள் வாந்தி, வயிற்றுவலி, எழுந்து நிற்க முடியாத மயக்கம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "அம்மா, என்ன மருந்து சாப்பிட்டீங்க?" "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், மூலிகைதான்."

அந்த மூலிகையில் என்ன இருந்தது? நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பதிவில்லாத இப்படிப்பட்ட குளிகைகளைச் சோதித்து, அவற்றில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதாகப் பலமுறை எச்சரித்திருக்கிறது. குளோர்பெனிரமினும் சேர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறது. பார்த்தீர்களா? ஸ்டீராய்டு வலியை அடக்கிப் பசியை ஏற்றுகிறது. அரிப்பு மாத்திரை தூக்கத்தைத் தருகிறது. வாங்கியவர் மூலிகையின் மகிமை என்று நினைக்கிறார். டெக்சாமெத்தசோன் எவ்வளவு வீரியம் தெரியுமா? அதில் முக்கால் மில்லிகிராம், 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம்.

சரி, நிறுத்தியதும் ஏன் விழுந்தார்? ஒரு வேலைக்கு வெளியிலிருந்து தினமும் ஆள் வந்துகொண்டிருந்தால் நிர்வாகம் என்ன செய்யும்? சொந்த ஆளைச் செக்ரோலிலிருந்து எடுத்துவிடும். உடம்பும் அப்படித்தான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு தாராளமாக வருவதைக் கண்ட மூளை, அட்ரினல் சுரப்பிக்கு, "உனக்கு வேலை இல்லை" என்று சொல்லிவிடுகிறது. சுரப்பி சுருங்கித் தூங்கிவிடும். திடீரென்று குளிகை நின்றால் வெளி ஆளும் இல்லை, சொந்த ஆளும் இல்லை. இரத்த அழுத்தம் விழும், சர்க்கரை விழும், உயிரே போகலாம். தூங்கிய சுரப்பி மறுபடியும் எழ வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஆகவே மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் டாக்டர் சொல்லும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

நீண்ட நாள் சாப்பிட்டால் வரும் மற்றத் தொல்லைகள்: எலும்பு மெலிந்து எளிதில் முறியும். கண்ணில் புரை விழும். இரத்தக் கொதிப்பு ஏறும். காவல்காரர்கள் ஓய்ந்துவிடுவதால் அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்கும். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குக் கால் தோல் வழியாக ஏறிக் குடலில் தங்கும் ஒருவகைச் சிறு புழு உண்டு. சாதாரண காலத்தில் சும்மா கிடக்கும் அந்தப் புழு, ஸ்டீராய்டு சாப்பிட்டால் உடம்பெங்கும் பரவி உயிரைக் குடிக்கக்கூடும்.

அந்தத் தாயைப் போல நீங்களும் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வெட்கப்படாதீர்கள், பயந்து உடனே நிறுத்தியும்விடாதீர்கள். பொட்டலத்தோடு அரசாங்கக் கிளினிக்குக்கு இன்றே போங்கள். எத்தனை மாதமாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று உள்ளதைச் சொல்லுங்கள். நம் நாட்டுப் பிரஜைகளுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். குளிகைக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவான மருந்தா என்று பார்க்க வழி உண்டு. பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று ஆங்கில எழுத்தும், எட்டு எண்களும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தானால் கடைசி எழுத்து 'டி'. மினுமினுக்கும் பாதுகாப்பு ஒட்டுத்தாளும் இருக்க வேண்டும். இவை இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பூசும் களிம்பில் ஜாக்கிரதை

களிம்பிலும் ஸ்டீராய்டு உண்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் மெலிந்தது. பீட்டாமெத்தசோன் வீரியமானது. குளோபெட்டசால் மிக வீரியமானது. கரப்பானுக்கு டாக்டர் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். விரல் நுனி அளவு பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும்.

ஆனால் வியர்வையில் நனைந்த இடுப்பிலும் தொடையிலும் நமக்கு வருவது பெரும்பாலும் படர்தாமரை. அது பூஞ்சணம். அதன் மேல் ஸ்டீராய்டு பூசினால் இரண்டு நாள் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். உள்ளே பூஞ்சணம் தடையில்லாமல் பரவும். நிறுத்தியதும் முன்னைவிட அகலமாக வரும். வடிவமும் மாறிவிடுவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். அதற்குப் பூஞ்சண மருந்துதான் வேண்டும். முகம் வெளுக்க என்று விற்கும் பெயர் தெரியாத கிரீம்களிலும் ஸ்டீராய்டு கலப்பது உண்டு. தோல் மெலிந்து, இரத்த நாளம் தெரிந்து, பரு கொட்டி முகமே கெட்டுவிடும். இளம் பெண்பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

சில கேள்விகள்

"உடம்பு ஏத்துறவங்க போடுற ஸ்டீராய்டும் இதுவும் ஒண்ணா?" இல்லை. அது ஆண்மைச் சுரப்பைச் சேர்ந்த வேறு வகை. பெயர் மட்டும் ஒன்று. அதையும் டாக்டர் இல்லாமல் தொடக்கூடாது.

"எனக்குக் குடுத்த மாத்திரையை என் தங்கச்சிக்குக் குடுக்கலாமா?" கூடாது. அவருக்குச் சர்க்கரையோ கொதிப்போ காசநோயோ இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது.

"சர்க்கரை நோய்க்காரருக்கு டாக்டரே ஸ்டீராய்டு குடுத்தா?" சாப்பிடலாம். ஆனால் சர்க்கரை ஏறும். அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

நினைவில் வைக்க

அரிப்பு மாத்திரை ஒருவனை வாசலில் தடுக்கிறது. ஸ்டீராய்டு முழுத் தோட்டத்து உத்தரவையும் மாற்றுகிறது.

தூக்கம் வரும் மாத்திரை போட்டுவிட்டு அரிவாளும் வண்டியும் தொடாதீர்கள்.

உதடு வீங்கி மூச்சு இழுத்தால் மாத்திரை தேடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டைச் சொன்னபடி சாப்பிடுங்கள். நீங்களாகத் தொடங்காதீர்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூன்று நாளில் எல்லா வலியும் பறக்கும் என்று யாராவது சொன்னால், அந்தக் குளிகைக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்றிரவு சாப்பாடு ஆனதும் அந்தப் பிஸ்கட் டின்னை இறக்கிப் பாருங்கள். பெயர் இல்லாதது, தேதி கடந்தது, யாருக்குக் கொடுத்தது என்று தெரியாதது எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது மருந்துக் கவுண்டரில் காட்டிக் கேளுங்கள். குனிந்து வலிக்கும் முழங்காலுக்கு நியாயமான வைத்தியம் கேட்பது நம் உரிமை. அந்த வலியை வைத்து விஷம் விற்பவனிடம் ஏமாறாமல் இருப்பது நம் கடமை.